வழியில் இறக்கிய டோலி

கோபி, நீ கட்டி வைத்த பையை மறுபடியும் அவிழ்த்துவிட்டேன். வந்து கத்தாதே. மலைக்காரன் மலைக்குப் போகிறான், அதற்கு இத்தனை டீ சட்டையா? கொஞ்சத்தை எடுத்து வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் சாமை மாவும் கொள்ளுப்பொடியும் வைத்திருக்கிறேன். அதற்கும் அடியில் இந்தக் காகிதத்தைச் சொருகப் போகிறேன். ரயிலில் பசியெடுத்துப் பொடியைத் தேடும்போது கையில் தட்டுப்படும். நேரில் சொல்லலாமென்றால் நீ எங்கே நிற்கிறாய்? நான் வாயைத் திறந்தாலே "தெரியும்மா, தெரியும்மா" என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். காகிதம் அப்படி நழுவாது. உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் படித்ததில் எனக்கு மிஞ்சியது இந்தக் கையெழுத்து ஒன்றுதான், அதையும் எத்தனை நாள் சும்மா வைத்திருப்பது? உன்னோடு வேலை செய்யப்போகும் பையன்களில் தமிழ் தெரிந்தவன் யாராவது இருந்தால் அவனுக்கும் படித்துக் காட்டு. நம் ஊருக்கே தெரிந்த கதைதான், இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

நீ போவது பெரிய மலை. இங்கே ஜவ்வாது மலையில் மழைக்காலத்தில் மேகம் இறங்கி வந்து வூட்டுக்குள் புகுந்தாலே நமக்குக் குளிர் தாங்காது. அங்கே பனிமேலேயே நடக்க வேண்டுமாம். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, உன் கால் நல்ல கால். நான் எழுத வந்தது வேறு. போன வருடம் நம் ஊர்க் கேஸ் விசாரணைக்கு வந்த இன்சூரன்ஸ் அதிகாரி நம் வூட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னார். வடக்கே பெரிய மலைகளில் லேசாகத் தலை சுற்றியவனையும் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுகிற கும்பல்கள் உண்டாம். கூட்டிப்போகிற கைடு, ஹெலிகாப்டர்காரன், ஆஸ்பத்திரிக்காரன், எல்லாருக்கும் அதில் பங்காம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே ஆள் சுமக்கிற டோலி, அங்கே ஹெலிகாப்டர், வண்டிதான் வேறு! ஆனால் நீ அங்கே கைடாகப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது, சிரிப்பு வரவில்லை. அதனால்தான் நம் கதையை என் பக்கத்திலிருந்து ஒருமுறை உனக்குச் சொல்லிவிடலாமென்று உட்கார்ந்தேன். பயந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்த டூர் கம்பெனி மேனேஜர் நம் ஊருக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அவன் பேரை எழுதி இந்தக் காகிதத்தைக் கெடுப்பானேன், மேனேஜர் என்றே இருக்கட்டும். நம் கொல்லைமேட்டுக்கு அந்தப் பக்கம் கலர் கலராகக் கூடாரம் அடித்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள், மலை ஏறினார்கள், அருவியில் குளித்தார்கள், நெருப்பு மூட்டிப் பாடினார்கள். உனக்குக் கைடு வேலை, எனக்குச் சமையல் வேலை. சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டால் அந்தப் பிள்ளைகள் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றார்கள். அதைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பந்தியில் நடந்துகொண்டே மேனேஜர் சொல்லுவான், "ஒண்ணும் கவலைப்படாதீங்க, டிக்கெட்லயே இன்சூரன்ஸ் சேர்த்திருக்கோம். கால்ல முள்ளு குத்தினாக்கூட கம்பெனி பாத்துக்கும்." எவ்வளவு பொறுப்பான மனிதன் என்று நான் உங்கப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். உங்கப்பா வழக்கம்போல "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தமென்று அப்போதே கேட்டிருக்கலாம்.

பிறகுதான் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு பெங்களூர்ப் பையன். மலையுச்சிக்குப் போகும் வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அதற்கடுத்து இன்னொருவர். யாருக்கும் உயிர் போகிற நோவு இல்லை, வாந்தி, பேதி, மயக்கம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வருவான். "சீரியஸ், சீரியஸ், டோலி கட்டுங்க" என்பான். தார் ரோட்டிலிருந்து நம் ஊருக்கு ஜீப் வராது. ரோடு முடிகிற இடத்தில் அவனுடைய வண்டி தயாராக நிற்கும். அங்கிருந்து கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே போனவர்களைப் பல நாள் படுக்க வைத்துத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது நம் ஆட்களின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிய பிள்ளைகளும் உண்டு, "உங்களாலதான் பொழைச்சேன்" என்று.

டோலி என்றால் வெளியூர்க்காரனுக்கு ஒரு கழி, ஒரு போர்வை. நமக்கு அப்படியா? இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்தக் காகிதத்தைப் படிக்கப்போகும் மற்றவனுக்காக எழுதுகிறேன். மூங்கில் கழியில் போர்வையைத் தூளிபோலக் கட்டி நோயாளியைப் படுக்க வைத்தால், அந்த நிமிடமே கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து தோள் கொடுக்க வேண்டும். யார், எவர், எந்த ஊர் என்ற கேள்வி கிடையாது. ஒருவன் முன்னால் ஓடிக் குரல் கொடுப்பான். அடுத்த ஊர் ஆட்கள் எல்லையில் வந்து நின்று தோள் மாற்றிக்கொள்வார்கள். நோயாளி கடைசியாக எந்த வூட்டில் சாப்பிட்டாரோ அந்த வூட்டுப் பெண் கஞ்சித் தூக்கோடு ரோடு வரைக்கும் கூடவே நடக்க வேண்டும். ரோடு வரும்வரை டோலியை மண்ணில் வைக்கக் கூடாது. வழியில் இறக்கினால் உள்ளே இருப்பவருக்கு உயிர் இல்லை என்று அர்த்தம். சின்ன வயதில் நீ ஒருநாள் விளையாட்டுக்கு அதில் ஏறிப் படுத்தாய், உங்கப்பா வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் உன்னை அடித்தார், அது அன்றைக்குத்தான். முடியாதவர்தான் டோலியில் படுப்பார் என்பது நமக்குச் சோறு வேகும் என்பதுபோல. நல்லாயிருக்கிற ஒருத்தர் அதில் படுத்துக்கொண்டு வருவார் என்று இந்த மலையில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. மேனேஜருக்கு அது தோன்றியது. நம்முடைய அந்த ஏமாளித்தனத்தின் மேல்தான் அவன் கடையைப் போட்டான்.

இப்போது விவரமாகப் பேசுகிறேன். அப்போது எனக்கு வேறொன்றும் தெரியவில்லை, என் சமையல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் "சாப்பாட்டுல கோளாறு" என்று சொல்லியனுப்பினார்களாம். பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். பழைய புளியைக் கொட்டினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதையும் வடிகட்டி, அதையும் முகர்ந்து பார்த்தேன். பக்கத்து வூட்டு ராணி வந்து கதவருகே நின்றுகொண்டு, "இன்னாக்கா, எண்ணெ ஏதாச்சும் மாத்திட்டியா? எங்க வூட்டுக்காரு கேட்டுக்கினு வரச் சொன்னாரு" என்று இழுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் முன்னால் அழக்கூடாதென்று அடுப்பை ஊதினேன். உங்கப்பா மட்டும் பந்தி போடும்முன் ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு தட்டு வாங்கி எல்லார் முன்னாலும் உட்கார்ந்து தின்று காட்டினார். அந்தச் சில வாரத்தில் தின்று தின்று தொப்பை வைத்து மனிதருக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. அவருக்கு மட்டும் வயிறு கல்லுமாதிரி இருந்தது. அதையும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

யோசிக்க வைத்தது நீ. ஒருநாள் நான் அடுப்படியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது நீ உள்ளே வந்து, "உன் சோத்துல ஒண்ணும் இல்லம்மா, வுடு. நீ ஏன் மனச ஒடச்சிக்கிற?" என்றாய். மகன் ஆறுதல் சொன்னால் அம்மாவுக்கு நெஞ்சு நிறைய வேண்டும். எனக்கு நிறையவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறவன் "இருக்காதும்மா" என்பான். நீ "இல்லம்மா" என்றாய், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல். இவனுக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று அன்றிலிருந்து உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். முன்னெல்லாம் ஒருவன் வயிற்றைத் தடவினாலே "ஓமத்தண்ணி குடும்மா" என்று ஓடி வருவாய். இப்போது யாராவது முகத்தைச் சுளித்தால் உன் கை நேராகப் போனுக்குப் போனது. மேனேஜர் உன் தோளில் கைபோட்டுப் பேசினான், நீ சிரித்தாய், அந்தச் சிரிப்பு நீ வூட்டில் சிரிக்கும் சிரிப்பு இல்லை. சந்தேகப்பட்டேன் என்பதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. பெற்றவள் சந்தேகப்படாமல் வேறு யார் படுவார்கள்? பிள்ளை இதில் இருக்கிறானா இல்லையா என்ற ஒரே கேள்வி சோறு வடிக்கும்போதும் விறகு வெட்டும்போதும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த அந்தக் காலை வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரியாவுக்குத்தான் அன்றைக்கு முடியவில்லை என்றார்கள். கூட வந்த சிநேகிதிகள் வேறொரு கைடோடு உச்சிக்குப் போய்விட்டார்கள். பிள்ளை தனியாக இருந்தது. டோலி கட்டினார்கள். முன்கழி உன் தோளில், பின்கழி உன் சித்தப்பா தோளில், மாற்றிக்கொள்ள நம் ஆட்கள் பக்கத்தில். முந்தின நாள் சாப்பிட்டது என் கையால் என்பதால் நான் கஞ்சித் தூக்கோடு பக்கத்தில் நடந்தேன். மேனேஜர் பின்னால் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தான். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கூச்சம், என் சோற்றால்தானே இந்தப் பாடு என்று. கொஞ்ச தூரம் போனதும் போர்வைக்குள்ளிருந்து மெல்லக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இன்னும் ரொம்ப தூரமா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. ரோடு வந்துடும். ரொம்ப வலிக்குதா?"

"வலியெல்லாம் அப்பவே போயிடுச்சு ஆன்ட்டி. இப்ப பசிதான்."

"பின்ன இன்னாத்துக்கும்மா இதுல படுத்துக்கினு வர்ற?"

"இறங்கவே கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. நடந்து போனா இன்சூரன்ஸ் கிடைக்காதாம், மொத்த செலவும் எங்க அப்பா தலையில விழுமாம். போட்டோ எடுக்கறப்ப கண்ண மூடிக்கச் சொன்னாரு."

நடந்துகொண்டே கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன், மடக் மடக்கென்று குடித்தாள். சாகக் கிடப்பவள் குடிக்கிற குடியா அது! "காலையில இன்னா சாப்ட்ட?" என்று கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடல ஆன்ட்டி. கூடாரத்துல அந்த மூலிகை சூப் குடுத்தாங்களே, அது மட்டும்தான். எனக்குத் தனி டம்ளர்ல வந்துச்சு" என்றாள். யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவள் மோவாயால் முன்பக்கம் காட்டினாள். முன்பக்கம் உன் முதுகுதான் இருந்தது.

கோபி, அந்த ஒரு நொடியை உனக்கு எப்படிச் சொல்வது? இத்தனை நாளாக என் சோற்றின் மேல் கிடந்த பழி அந்தப் பெண்ணின் வாயால் கழன்று விழுந்தது, அதே நொடியில் அது உன் மேல் போய் உட்கார்ந்தது. என் சோறு கெட்டதாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"கோபி, நில்லுடா."

"டோலிய தூக்கிக்கினு நிக்கக் கூடாதும்மா."

"நில்லுன்றேன்ல. அந்த டம்ளர்ல இன்னா இருந்துச்சு? இதுல உன் கை கீதா, இல்லியா? எல்லாரு முன்னாடியும் சொல்லு."

நீ நின்றாய். தோள் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். பின்னாலிருந்து மேனேஜர், "ஏன் ஸ்லோ பண்றீங்க? பேஷண்ட் சீரியஸ், நடங்க நடங்க" என்று கை தட்டினான். எதிரே அடுத்த ஊரின் எல்லை. தோள் மாற்ற ஆண்களும், பார்க்கப் பெண்களும் கூடி நின்றார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், பார்த்துக்கொண்டே முழங்காலை மடக்கிக் கழியைத் தோளிலிருந்து எடுத்து டோலியை மண்ணில் இறக்கினாய். "டேய் டேய், இன்னாடா பண்ற?" என்று சித்தப்பா அலறினார், ஆனால் முன்பக்கம் இறங்கினால் பின்பக்கம் இறங்கித்தானே ஆகவேண்டும்? எல்லையில் நின்ற பெண்கள் அதைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு, "அய்யோ, யாரு பெத்த புள்ளையோ, மலையில வந்து போய்ட்டியே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் புள்ளை போர்வையை விலக்கிக்கொண்டு ஷூவோடு எழுந்து நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி அந்தப் பெண்கள் நின்ற நிலை! பிரியா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, "ஸாரி ஆன்ட்டி, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

நீ சொன்னது யாருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. "அந்த டம்ளர நான்தாம்மா குடுத்தேன். அதுல இன்னா கலந்தாங்கன்னு தெரியாது. ஆனா இதுல வந்தவங்க ஒருத்தரும் டோலியில ஏத்தற நெலமையில இல்லன்னு எனக்குத் தெரியும்மா. அதுக்கு மேல தெரிஞ்சிக்க வேணாம்னு இருந்துட்டேன்." அவ்வளவு நேரம் புரியாமல் நின்ற நம் ஆட்களுக்கு அப்போதுதான் புரிந்தது. சித்தப்பா மேனேஜரின் சட்டையைப் பிடித்தார். "டோலிய வெச்சா வெளையாடுன? எத்தினி பேர இதுல தூக்கினு போனோம், எங்க தோளு இன்னா உனக்கு வாடகை வண்டியா?" என்று கேட்டு உலுக்கினார். அடிக்கவில்லை, நான்தான் விடவில்லை. நடுவில் நடக்க வைத்து ரோடு வரைக்கும் கொண்டுபோய்ப் போலீசில் ஒப்படைத்தார்கள். சூப் கலக்கிக் கொடுத்த அவனுடைய ஆள் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். பேதி மருந்தாம். ஆஸ்பத்திரியில் சாதாரண வயிற்றுப்போக்கைப் பெரிய நோயாக எழுதுவார்களாம், டோலிப் படத்தைச் சேர்த்து அனுப்பினால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்காதாம். கேஸ் இன்னும் நடக்கிறது. கூடாரம் இருந்த இடத்தில் இப்போது ராணி வூட்டு ஆடு மேய்கிறது.

மறுநாள் கொல்லையில் வைத்து நீ மிச்சத்தையும் சொன்னாய். லேசாக முடியாதவர்களையும் பயமுறுத்திக் கீழே அனுப்பிவிடு, உனக்கும் பங்கு உண்டு என்று மேனேஜர் கேட்டிருக்கிறான். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "யோசிக்கிறேன்னு சொன்னேன்" என்றாய். "எத்தினி நாளாடா யோசிச்ச?" என்றேன். உன்னை அதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீ அவனிடம் கைநீட்டி எதையும் வாங்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் இப்போது ரயிலில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அங்கேயும் ஒருவன் வந்து தோளில் கைபோடுவான். கெட்டவனாகத் தெரியமாட்டான், உன் அம்மாவை மேடம் என்று கூப்பிடுகிறவனாக இருப்பான். அவனிடம் "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதே. அந்த மாதிரி ஆட்களின் காதில் அது "சரி" என்றுதான் விழும். முடியாது என்றால் முடியாது, அப்போதே, அங்கேயே. வேலை போனால் போகட்டும், மலைக்காரனுக்குச் சாமைக் கஞ்சி எங்கேயும் ஓடிவிடாது. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டாம் என்று உன் மனசு முகத்தைத் திருப்பினால், அந்தப் பக்கம்தான் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள். யாராவது உன்னிடம் ஒரு டம்ளரைக் கொடுத்து இன்னாருக்கு மட்டும் கொடு என்றால், முதலில் நீ ஒரு வாய் குடி, இல்லையென்றால் கீழே கொட்டு.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ டோலியை இறக்கிய அன்றைக்கு ஊரே உன்னைப் பாராட்டியது. ராணி வந்து, "உன் புள்ள தங்கம்க்கா" என்று என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். பிரியா வூட்டுக்குப் போய்த் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனாள். உனக்கு வடக்கே இந்த வேலை கிடைத்ததும் அவள் சொல்லித்தான். எல்லாம் சரி. ஆனால் எனக்கு மட்டும் நெஞ்சு முழுசாக ஆறவில்லை. அம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளே என்று மாட்டிக்கொண்டு இறக்கினானா, மனசோடு இறக்கினானா? நான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் நடந்திருந்தால் நீயும் ரோடு வரைக்கும் நடந்திருப்பாயோ? இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்க முடியாது, கேட்டாலும் உனக்கே பதில் தெரியாது.

தை மாதம், புளி உலுக்கிக்கொண்டிருந்த சமயம் அது. செங்கத்திலிருந்து குடும்பத்தோடு அருவி பார்க்க வந்த ஒருவர் நம் வூட்டுப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்து ஊற்றுகிறது, மூச்சு இழுக்கிறது, கையால் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். அவருடைய மனைவி, "யாராச்சும் வாங்களேன், வாங்களேன்" என்று கத்துகிறார். புளியமரத்தடியில் நம் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். யாரும் அசையவில்லை. எந்தக் காலத்தில் நம் ஊரில் இப்படி நடந்தது? "இவரு மட்டும் நெசமா?" என்றான் ஒருவன். "பின்னால போட்டோ எடுக்க எவனாச்சும் வர்றானா பாரு" என்றான் இன்னொருவன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, சூடு பட்டவர்கள். அந்த மேனேஜர் நம்மிடமிருந்து பெரிதாக எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புளி உலுக்க மேலே ஏறியிருந்த நீ மரத்திலிருந்து இறங்கினாய். போர்வையைக் கழியில் கட்டினாய், அவரைப் படுக்க வைத்தாய், முன்கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றாய். பின்கழி பிடிக்க ஆளில்லை. நீ யாரையும் கூப்பிடவில்லை, இறக்கவும் இல்லை, குனிந்த தலையோடு அப்படியே நின்றாய். அப்போது உன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. உனக்கு வேலையும் இல்லை, உன்னைக் கவனிக்க மேனேஜரும் இல்லை, நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் உனக்குத் தெரியாது.

பெண்கள் டோலி தூக்குவதில்லை. எனக்கு அதெல்லாம் அப்போது நினைவில்லை. வூட்டு வாசலிலிருந்து ஓடி வந்து பின்கழியை என் தோளில் ஏற்றிக்கொண்டேன். நீ திரும்பிப் பார்க்காமல், "யாரு?" என்றாய். "நடடா" என்றேன். புளியமரம் தாண்டுவதற்குள், "அய்யய்யோ, பொம்பள தூக்கறாளே, நாமெல்லாம் இன்னா மனுஷங்க" என்று உன் சித்தப்பா ஓடி வந்து என் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டார், அவர் பின்னாலேயே எல்லாரும் ஓடி வந்தார்கள். முன்னால் ஒருவன் குரல் கொடுத்துக்கொண்டு ஓடினான். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். போன மாதம் செங்கம் சந்தையில் பார்த்தேன், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார், நல்ல தெம்பான குரல். நான் தூக்கியது சில அடிதான். அதற்கே என் தோள் வீங்கிவிட்டது, உனக்குத் தெரியாமல் ராணியை விட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு வூட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தேன் பார், பட்டப்பகலில், அடுப்பைக்கூட அணைக்காமல், அப்படித் தூங்கினேன். "சோறு எங்க?" என்று கேட்டு எழுப்ப வந்த உங்கப்பா, நான் தூங்கிய தூக்கத்தைப் பார்த்துவிட்டுத் தானே உலை வைத்தாராம். அதுவரைக்கும் ஆறாதது அன்றைக்கு ஆறிவிட்டது, கோபி. அதன்பிறகு உன்னைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை.

அதனால் வடக்கே போய் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்காதே. பனிமலையில் ஒருவன் மூச்சுத் திணறி உட்கார்ந்தால் இவன் நடிக்கிறானா என்று நின்று யோசிக்காதே. நிஜமாக வேண்டியவனுக்கு ஹெலிகாப்டரைக் கூப்பிடு, கத்திக் கூப்பிடு. பொய் என்று தெரிந்தால் எவன் முன்னாலும் இறக்கி வை. நீ இரண்டையும் செய்தவன்தான், என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். பின்கழி பிடிக்க அங்கே நான் இருக்க மாட்டேன், உன் சித்தப்பாவும் இருக்க மாட்டார். பாஷை தெரியாத ஊர், ஆளில்லாமல் நீ ஒருத்தனாக நிற்கிற நாள் வரும். அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில் நின்றாயே, அப்படியே நில். தோளிலிருந்து மட்டும் இறக்கிவிடாதே. யாராவது வருவார்கள்.